எக்ஸா, ஒய்யா?

பக்கத்து ஃப்ளாட் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். பிராக்டிகல் பரீட்சைக்கு முதல் நாள் கிராஃப் நோட்டும் கையுமாக வந்து, 'அங்கிள், எதை எக்ஸ்ல போடறது, எதை ஒய்ல போடறது? மாத்திப் போட்டா மார்க் போயிடுமாம்' என்றாள்.

பொதுவான விதி சுலபம். நீ மாற்றுவது எக்ஸில், படுக்கையாக. அதனால் மாறுவது ஒய்யில், செங்குத்தாக. ஊசலின் நீளத்தை நீ மாற்றுகிறாய். ஆடும் நேரம் மாறுகிறது. எனவே நீளம் எக்ஸ். காபி ஆறுவதை வரைந்தால் நேரம் எக்ஸ், சூடு ஒய். 'நேரத்தை நான் மாத்தலையே?' என்று மடக்கினாள். நியாயமான கேள்வி. நேரம் யாரையும் கேட்காமல் அதுபாட்டுக்குப் போகிறது. காபி ஆறினாலும் ஆறாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. அந்தச் சுதந்திரத்துக்குத்தான் எக்ஸ் அச்சு.

இந்த விதியை ஒரு துறையே தலைகீழாக்கி வைத்திருக்கிறது. பொருளாதாரப் புத்தகத்தில் டிமாண்ட் கோட்டைப் பாருங்கள். விலை ஏறினால் வாங்குவது குறையும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, விலையைக் கொண்டுபோய் ஒய்யில் வைத்திருப்பார்கள். 1838-ல் பிரான்சின் கூர்னோ விலையைப் படுக்கையில்தான் போட்டார். இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் மார்ஷல் திருப்பிப் போட்டார். 1890-ல் வந்த அவர் புத்தகம் பிரபலமாகிவிட, அதுவே நிலைத்துவிட்டது. மார்ஷலைத் திட்டவும் முடியாது. கோயம்பேட்டுக்கு விடிகாலை எத்தனை லோடு தக்காளி வந்ததோ அதுதான் அன்றைய சரக்கு. அதைப் பொறுத்து விலை அமைகிறது. அங்கே அளவுதான் எக்ஸ். அதே தக்காளி தெருமுனைக் கடைக்கு வந்ததும், போர்டில் எழுதிய விலையைப் பார்த்து நாம் அரைக் கிலோவா, கால் கிலோவா என்று யோசிக்கிறோம். இங்கே விலை எக்ஸ். எது எதை ஆட்டுகிறது என்பதில் நாம் யாரை நம்புகிறோமோ, அவர் கீழே உட்காருகிறார்.

மார்க்கோடு போனால் பரவாயில்லை. 1986 ஜனவரி 27 இரவு, அமெரிக்காவில் டெலிபோனில் ஒரு நீண்ட விவாதம் நடந்தது. மறுநாள் சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட வேண்டும்; கடுங்குளிர். பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்புகளில் ஓ-ரிங் என்று ரப்பர் வளையம் உண்டு. நம் குக்கர் கேஸ்கட்டுக்கு அண்ணன். குளிரில் விறைத்தால் வாயு கசியும் என்று அந்த ராக்கெட்டைத் தயாரித்த கம்பெனி இன்ஜினீயர்கள் பயந்தார்கள். 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே வேண்டாம் என்றார்கள். 'ஆதாரம்?' 53 டிகிரியில் போனபோது கசிவு இருந்தது, சரி. ஆனால் 75 டிகிரியில் போனபோதும் இருந்ததே! அப்புறம் குளிர் எப்படிக் காரணமாகும்? இன்ஜினீயர்கள் வேண்டாம் என்றே நின்றார்கள். அவர்களுடைய மேலதிகாரிகள் சம்மதித்துவிட்டார்கள். மறுநாள் புறப்பட்ட 73-வது செகண்டில் விண்ணோடம் சிதறியது. ஒரு பள்ளி ஆசிரியை உட்பட ஏழு பேர் இறந்தார்கள்.

அன்றிரவு மேஜையில் பட்டியல்கள் இருந்தன. வெப்பத்தை எக்ஸிலும் சேதத்தை ஒய்யிலும் போட்டு, அதுவரை போன 24 பயணங்களையும் புள்ளி வைத்த ஒரு கிராஃப் இல்லை. சேதமே இல்லாத பயணத்துக்கு ஒய் பூஜ்யம்; அதுவும் ஒரு புள்ளிதான். பூஜ்யம்தானே என்று விட்டுவிட்டால், மிச்சமுள்ள சில புள்ளிகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக, குளிருக்கும் சேதத்துக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் தெரியும்.

ஒரு நல்ல படம் ஏழு உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்கிற தொனியில் எட்வர்ட் டஃப்டி 1997-ல் எழுதினார். அந்த இன்ஜினீயர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஜோலி 2002-ல் சிலரோடு சேர்ந்து அதை மறுத்தார். எனக்கும், கேட்க மனமில்லாதவர்களுக்கு எந்தப் படமும் போதாது என்றுதான் தோன்றுகிறது.

விசாரணை கமிஷன் பிற்பாடு அந்தப் படத்தைப் போட்டது. 66 டிகிரியும் அதற்கு மேலும் 20 பயணங்கள். சேதம் மூன்றில் மட்டும். 65-க்குக் கீழே நான்கு, நான்கிலும் சேதம். சேலஞ்சரின் பழுதான இணைப்பு அன்று காலை சுமார் 28 டிகிரியில் இருந்தது என்றும் கணக்கிட்டார்கள். அதைக் குறிக்க எக்ஸ் அச்சில் இடப்பக்கம் வெகுதூரம் நகர வேண்டும். அங்கே அதுவரை ஒரு புள்ளிகூடக் கிடையாது.