வெண்காரக் கண்ணாடியும் வண்ணத்தின் விலையும்

நாட்டு மருந்துக் கடையில் வெண்காரம் என்று கேட்டால் வெள்ளைக் கட்டிகளைத் தாளில் மடித்துத் தருவார்கள். பொற்கொல்லர் பட்டறையில் பற்றவைப்புக்கு உதவும் பொடியும் அதுவே. குழலை வாயில் வைத்து, விளக்குச் சுடரை நகையின் மேல் திருப்பி ஊதும் அந்த வேலையை ஒட்டி எழுந்த வழக்கே ‘பொடி வைத்து ஊதுதல்’ என்பார்கள். வெண்காரத்தில் உள்ள போரான், மணலோடு சேர்ந்து உருகும்போது கிடைப்பது போரோசிலிகேட் கண்ணாடி. அதனை வெண்காரக் கண்ணாடி என்று அழைப்பதில் பிழையில்லை என்று கருதுகிறோம். சுடரில் கண்ணாடியை உருக்கி மணியும் சிற்றுருவமும் செய்யும் கலைக்கும் பொற்கொல்லரின் ஊதுகுழலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஐரோப்பியக் கைவினைஞர்களும் முன்னாளில் எண்ணெய் விளக்கின் சுடரைக் காற்றால் கூர்மையாக்கியே இவ்வேலையைச் செய்தார்கள். விளக்கு போய் எரிவாயுவும் ஆக்சிஜனும் வந்த பிறகும் ஆங்கிலத்தில் இதற்கு விளக்கு வேலை என்ற பொருளுடைய பெயரே நிலைத்துவிட்டது.

நாங்கள் என்று இங்கே எழுதுவது எங்கள் இருவரையும் குறித்து. ஒருவர் தமிழ் முதுகலை படித்தவர். மற்றவர் வேதியியல் கற்பிப்பவர். நாற்பதைக் கடந்த பிறகு இக்கலையைக் கற்க முனைந்ததற்குக் காரணமாக இருந்தவர், ஆய்வகங்களுக்குக் கண்ணாடிக் கருவிகள் செய்து தந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடுவைகளுக்குக் கழுத்து வைத்தும், குளிர்விப்பான்களுக்குச் சுருள் குழாய் வளைத்தும், உடைந்தவற்றை ஒட்டியும் காலம் கழித்தவர். அவர் ஓய்வுபெற்றதும் அந்தப் பணியிடம் நிரப்பப்படவில்லை. உடைந்தால் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு வந்துவிட்ட காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய வீட்டுப் பின்கட்டில் எங்களுக்குப் பாடம் நடந்தது.

சில மாதங்களில் எங்களுக்கு வண்ணத்தின் மீது ஆசை வந்தது. பெரியவர் சிரித்தார். “முதல்ல வெள்ளைக் கண்ணாடியில கை நிக்கட்டும் சார். கலர் எங்கயும் ஓடிப்போகாது.” அவர் வெள்ளை என்றது நிறமற்ற தெளிந்த கண்ணாடியை. தம் பணிக்காலம் முழுவதும் அவர் தொட்டது அதை மட்டுமே. ஆய்வகத்துக்கு வண்ணம் தேவைப்படவில்லை.

*

வண்ணக் கோல் வாங்கப் புறப்படுகிறவர் முதலில் அறியவேண்டியது, எல்லாக் கண்ணாடியும் எல்லாக் கண்ணாடியோடும் சேராது என்பதை. ஒரு மீட்டர் நீளமுள்ள வெண்காரக் கண்ணாடிக் கோலை ஒரு டிகிரி சூடாக்கினால் 3.3 மைக்ரோமீட்டர் நீள்கிறது. புட்டியும் வளையலும் ஆகிற சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர் நீள்கிறது. சுடரில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆறும்போது ஒன்று அதிகமாகச் சுருங்க, மற்றது மறுக்க, மறுநாள் காலையில் மணி இரண்டாகக் கிடக்கும். உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத் வளையலுக்குப் பெயர்பெற்ற ஊர். புர்தில்நகர் மணிக்குப் பெயர்பெற்றது. அங்கே புழங்கும் வண்ணக் கண்ணாடி விலை மலிவு, நிறமும் அழகு. ஆனால் அது வேறு குலம். வெண்காரக் கண்ணாடியோடு அதற்குச் சம்பந்தம் கூடாது.

இதன் மறுபக்கம் மகிழ்ச்சி தருவது. நம் வேதியியல் ஆய்வகங்களில் உடைந்துபோகிற போரோசில் சோதனைக் குழாயும், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வார்த்த வண்ணக் கோலும் ஒரே குடும்பம். இரண்டும் ‘33’ என்று கைவினைஞர்கள் குறிப்பிடும் வகையைச் சேர்ந்தவை. ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய கண்ணாடி, 1915இல் அமெரிக்காவில் பைரெக்ஸ் என்ற பெயரில் அடுக்களைக்கு வந்தது. அந்த மரபே இந்தியக் கல்லூரியின் சோதனைக் குழாய் வரை நீள்கிறது. எனவே தொடக்க நிலையில் இருப்பவர் தெளிந்த கண்ணாடிக்குப் பெரும் பொருள் செலவிட வேண்டியதில்லை. உடைந்த குழாய்களை நன்கு கழுவி, வேதிப்பொருள் எச்சம் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு பயன்படுத்தலாம். எங்கள் முதல் நூறு மணிகளும் அவ்வாறு பிறந்தவையே.

வண்ணம் மட்டும் ஏன் இத்தனை விலை? வெண்காரக் கண்ணாடி உருகக் கேட்கும் வெப்பம் சுமார் 1600 டிகிரி செல்சியஸ். அந்த உலையில் பல நிறமிகள் எரிந்தோ ஆவியாகியோ போய்விடுகின்றன. தாக்குப்பிடிப்பவை கோபால்ட், குரோமியம், வெள்ளி, பொன், காட்மியம் போன்றவற்றின் சேர்மங்கள். அவற்றுள் சில விலை உயர்ந்தவை, சில நஞ்சு. 1980கள் வரை கடையில் வாங்கத்தக்க வண்ண வெண்காரக் கோல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கலிபோர்னியாவில் ஜான் பர்ட்டன் போன்றவர்கள் தெளிந்த கோலில் உலோக ஆக்சைடுகளைச் சுடரிலேயே குழைத்துத் தங்களுக்கு வேண்டிய நிறத்தைத் தாங்களே ஆக்கிக்கொண்டார்கள். பிறகு ஓரிகனின் போர்ட்லாந்தில் பால் டிராட்மன் நார்த்ஸ்டார் என்ற நிறுவனத்தைத் தொடங்கிய பின்னரே வண்ணம் எடைபோட்டு விற்கும் சரக்காயிற்று.

அந்நகரமே வண்ணத்தின் வேறொரு விலையையும் கண்டது. 2016இல், மரங்களில் படர்ந்த பாசியை ஆராய்ந்தவர்கள் போர்ட்லாந்தின் சில பகுதிகளில் காட்மியம் மிகுந்திருப்பதைக் கண்டது வெளியே தெரிந்தது. தடம் வண்ணத் தாள் கண்ணாடி செய்யும் ஆலையில் போய் முடிந்தது. அதன்பின் ஓரிகன் அரசு வண்ணக் கண்ணாடி ஆலைகளுக்கெனத் தனி விதிகளை வகுத்தது. மலிவான மஞ்சள் கோலைத் தேடும்போதெல்லாம் இந்தப் பாசி எங்கள் நினைவுக்கு வருகிறது. ஆலைப்புகையை வடிகட்டும் செலவும் ஒரு கோலின் நியாயமான விலையில் அடங்கத்தான் வேண்டும்.

*

இனி, எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களின் கணக்கு. அமெரிக்காவில் தெளிந்த கோல் ஒரு பவுண்டு ஏறக்குறைய 10 டாலருக்குக் கிடைக்குமானால், வண்ணக் கோல் அதே எடைக்கு 40 டாலரிலிருந்து 100 டாலர் வரை போகும். வெள்ளியும் பொன்னும் கலந்தவை அதற்கும் மேல். கடல் கடந்து வரும் கூலியும் சுங்கமும் தனி. ஆகவே நாங்கள் வேறு மூவரைச் சேர்த்துக்கொண்டு கூட்டாக வாங்கினோம். கோணல் கோல், தடிமன் ஒத்துவராத கோல், துண்டுக் கோல் ஆகியவற்றைச் சில விற்பனையாளர்கள் இரண்டாம் தரமென்று தள்ளி விலை குறைத்துத் தருவார்கள். கோணல் என்பது உருகும் வரைதானே.

சீனத்திலிருந்து வரும் வண்ணக் கோல்கள் இன்னும் மலிவு. வாங்கலாம், சோதித்துப் பார்த்த பிறகே நம்பலாம். சோதனை எளியது. வண்ணத் துண்டையும் தெளிந்த துண்டையும் பக்கவாட்டில் ஒட்டி உருக்கி, மெல்லிய இழையாக இழுத்து ஆறவிட வேண்டும். இழை நேராக நின்றால் இரண்டும் ஒத்துப்போகும். வில்லாக வளைந்தால், உட்புறமாக இருக்கும் கண்ணாடி அதிகம் சுருங்குவது என்று பொருள். எந்தச் சான்றிதழையும் விட இந்த இழை நேர்மையானது.

வண்ணத்தை வாங்குவதைவிட அதைச் செலவழிப்பதில்தான் சிக்கனம் இருக்கிறது. 7 மில்லிமீட்டர் தடிமனும் 50 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு கோல் சுமார் 43 கிராம் எடையிருக்கும். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள மணியை முழுக்க வண்ணத்தில் செய்தால், துளையைக் கணக்கில் விட்டு, ஏறத்தாழ 2 கிராம் ஆகும். ஒரு கோலுக்கு 21 மணி. உள்ளே தெளிந்த கண்ணாடியை உருட்டி, மேலே அரை மில்லிமீட்டர் மட்டும் வண்ணத் தோல் போர்த்தினால் அரை கிராம் கூட ஆகாது. அதே கோலுக்கு 90 மணி தேறும். இன்னொரு வழி, கோலை ஒன்றரை மில்லிமீட்டர் இழையாக இழுத்துவைத்துக்கொள்வது. 50 சென்டிமீட்டர் கோல் 10 மீட்டருக்கு மேல் இழையாகும். அதைக் கொண்டு மணியின்மேல் கோடு போடலாம், புள்ளி குத்தலாம்.

மூன்றாவது வழி எங்களை மிகவும் கவர்ந்தது. வண்ணத்தை நடுவில் வைத்து மேலே தெளிந்த கண்ணாடியைப் போர்த்தினால், அந்தத் தெளிவு பூதக்கண்ணாடியாகி உள்ளிருப்பதைப் பெருக்கிக் காட்டும். ஒரு கோலின் குறுக்களவில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் மட்டும் வண்ணம் இருந்தால் போதும், முழுக்கோலும் வண்ணம் என்றே கண் நம்பும். எடையில் அது பாதிக்கும் குறைவு.

இந்த மூன்றுக்கும் தெளிந்த கண்ணாடியில் கை நின்றிருக்க வேண்டும். சீராகச் சுழற்றத் தெரியாதவர் போர்த்தும் தோல் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் கிழியும். பெரியவர் எங்களை ஏன் மாதக்கணக்கில் வெள்ளைக் கண்ணாடியிலேயே நிறுத்திவைத்தார் என்பதன் கணக்கு, கிராமில் பார்த்தபோது விளங்கியது.

*

எங்கள் முதல் பொதியில் மூன்று நிறங்களே இருந்தன. எந்தச் சுடரிலும் முகம் மாறாத கோபால்ட் நீலம். ஒரு பச்சை. வெள்ளி கலந்த அம்பர் ஒன்று. அதிகம் காய்ச்சினால் பொங்கிவிடும் காட்மியம் நிறங்களைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். வண்ணப் பொடியையும் வாங்கவில்லை. முகக்கவசமும் புகைபோக்கியும் இல்லாத இடத்தில் அதைத் தூவக்கூடாது. மிஞ்சிய பணத்தில் கண்ணுக்குச் சரியான கண்ணாடி வாங்கினோம். சோடியத்தின் மஞ்சள் ஒளியை மறைக்கும் பழைய டிடிமியம் கண்ணாடி, வெப்பக் கதிரை முழுவதும் தடுப்பதில்லை. நெடுங்காலம் அந்த வெப்பத்தை நோக்குபவர்களுக்குக் கண்புரை வருவது பழைய உண்மை. பிரிட்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதைத் தொழில்நோயாக ஏற்றுக்கொண்டது. பெரியவரின் வலக்கண்ணில் அறுவை முடிந்திருந்தது; இடக்கண் காத்திருந்தது. தொழிலால் வந்ததா, வயதால் வந்ததா என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை.

வெள்ளி கலந்த கோலுக்கு ஒரு குணம் உண்டு. உருகும்போது அதன் நிறம் அடங்கிவிடும். சற்று ஆறவிட்டு மீண்டும் இதமாகச் சூடு காட்டினால்தான் உள்ளிருக்கும் வெள்ளி திரண்டு நிறம் எழும். பெரியவரிடம் நாங்கள் அதைச் சொல்லவில்லை. கோலை அவர் கையில் கொடுத்தோம். பழகிய கை அதை ஒரு சிறு குடுவையாக ஊதியது, கழுத்தும் வைத்தது. வெளியே எடுத்துப் பார்த்தவர், “இது நம்ம வெள்ளைக் கண்ணாடி மாதிரியேல்ல இருக்கு, மேடம்” என்றார். இன்னொரு முறை லேசாகக் காட்டுங்கள் ஐயா என்றோம். காட்டினார். கழுத்தடியில் தேன் நிறம் புறப்பட்டு, வயிற்றுப் பக்கம் இறங்க இறங்க ஊதாவாகக் கனிந்தது. சுடரை அணைக்கவும் மறந்து அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை தெளிந்த கண்ணுக்கு நேராகவே பிடித்திருந்தார் என்பதைக் கவனித்தோம். பிறகு, “இத ஒரு இருவது வருசம் முன்னாடி கொண்டாந்திருக்கலாம்ல சார்” என்றார். அதற்குச் சொல்ல எங்களிடம் பதில் இல்லை.

*

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945இல் அகழ்ந்த காலத்திலிருந்து நாம் அறிந்த செய்தி, அந்த ஆற்றங்கரையில் கண்ணாடி மணிகள் பெருமளவில் செய்யப்பட்டன என்பது. நீலமும் செம்புச் சிவப்பும் கொண்ட அத்தகைய சிறுமணிகள் கிழக்கு ஆப்பிரிக்கா முதல் கிழக்காசியா வரை கிடைக்கின்றன. உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கும் அம்முறையை ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டைக் குடும்பங்கள் 20ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் கையாண்டன. அந்த மணிகள் வெண்காரக் கண்ணாடி அல்ல. எங்கள் சுடரில் அவற்றுக்கு இடமில்லை. ஆயினும் அருங்காட்சியகத்தில் கடுகளவு மணியொன்றைப் பார்க்கும்போது, நிறத்தை அத்தனை சிறிதாக்கி அத்தனை தொலைவு அனுப்பியவர்களின் கணக்கை எண்ணிக்கொள்கிறோம்.

தொடங்க விரும்பும் நண்பர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது இவ்வளவே. முதல் பணம் கண்ணுக்கும் காற்றோட்டத்துக்கும். அடுத்தது, செய்தவற்றை 560 டிகிரி அளவில் வைத்து மெல்ல ஆற்ற ஒரு பழைய மின்னுலைக்கு. தெளிந்த கண்ணாடி உடைந்த குழாய்களிலிருந்து வரட்டும். வண்ணம் கால் பவுண்டுக்கு மேல் வேண்டாம். மூன்று நிறம் போதும். நம்மூரில் ஓய்வுபெற்ற கண்ணாடிக் கருவிக் கலைஞர் எவரேனும் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் அவரைத் தேடி யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

பெரியவரின் இடக்கண் அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அடுத்த கூட்டுக் கொள்முதலில் தமக்குப் பொன் கலந்த சிவப்பு ஒரு கோல் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார், விலையையும் கேட்டுக்கொண்டார். தம் பங்கைத் தாமே தருவதாகச் சொல்லி, மறுக்க எங்களை விடவில்லை.