உப்புக் காற்றில் ஐந்து மிதிவண்டிகள்

தூத்துக்குடியில் இரும்புக்கு ஆயுள் குறைவு. மேற்கே கோவில்பட்டிப் பக்கம் ஒரு தலைமுறைக்கு உழைக்கும் தாழ்ப்பாள், இங்கே சில ஆண்டுகளில் பொரிந்து கையோடு வந்துவிடும். ஒரு புறம் கடல். ஊருக்கு வடக்கிலும் தெற்கிலும் உப்பளங்கள். கொண்டல் வீசும் மாதங்களில் உதட்டை நாவால் தடவினாலே கரிக்கும். குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்நாட்டில் உப்பு மிகுதியாக விளைவது தமிழகத்தில். அதிலும் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்தில். அந்தப் பெருமைக்கு நாங்கள் செலுத்தி வரும் வரிதான் துரு. ஆகவே இவ்வூரில் இரண்டு பேர் சந்தித்தால், நலம் விசாரித்து முடியுமுன்பே பேச்சு சன்னல் கம்பிக்கும் வாசல் கேட்டுக்கும் மோட்டாருக்கும் வந்து சேர்வதில் வியப்பில்லை.

நாங்கள் ஐவர். வாரத்தில் மூன்று நாள், காலை ஐந்தரை மணிக்குப் பனிமய மாதா பேராலயத்தின் அருகில் கூடுவோம். கடற்கரைச் சாலை வழியே ரோச் பூங்காவைக் கடந்து, துறைமுகத்தை நோக்கிச் சற்றுத் தூரம் மிதித்துவிட்டுத் திரும்புவோம். 2012 முதல் இதுவே வழக்கம். ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்; ஒருவர் உப்பளத்தில் கணக்கு எழுதியவர்; ஒருவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்; ஒருவர் மரத்தச்சர், எங்களில் மூத்தவர், எல்லாருக்கும் அண்ணாச்சி. ஐந்தாமவர் இவ்வரிகளை எழுதுவதோடு சரி. ஒரு பஞ்சர் ஒட்டவும் உதவாதவர் என்பது மற்ற நால்வரின் ஒருமித்த கருத்து.

நான்கு வண்டிகள் 28 அங்குலச் சக்கரமும் கம்பி பிரேக்கும் உள்ள பழைய கறுப்பு வண்டிகள். கணக்கருடையது அட்லஸ். அந்த நிறுவனத்தின் சாகிபாபாத் ஆலை 2020 சூன் 3 அன்று, அதாவது உலக மிதிவண்டி நாளன்றே, மூடப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல் அவர் வண்டி துடைக்கும் துணியே மாறிவிட்டது. பழைய பனியன் போய் மெல்லிய வேட்டித் துண்டு வந்தது. ஐந்தாவது வண்டி, தலைமையாசிரியருக்குச் சென்னையிலிருந்து மகன் அனுப்பிய கியர் வண்டி. அதன் சங்கிலி மெலிது. எந்த மழைக்குப் பின்னும் முதலில் முனகுவது அதுதான்.

"என்ன சார், வண்டி அழுகு?" என்று அண்ணாச்சி கேட்பார். அன்றைய பேச்சு தொடங்கிவிட்டது என்று பொருள்.

சங்கிலியைப் பற்றி அண்ணாச்சி சொல்வதைத் தனியாகவே எழுதவேண்டும். 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் உருளைச் சங்கிலிக்கு உரிமம் பெற்றார். இன்றும் நம் வண்டிகளில் ஓடுவது அடிப்படையில் அந்தச் சங்கிலிதான். ஒரு கண்ணி அரை அங்குலம். 24 கண்ணி சேர்ந்தால் 12 அங்குலம். "செயின் நீண்டுபோச்சு" என்று நாம் சொல்வது வழக்கமே தவிர, தகடு நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள சிறு பின் தேய்ந்து இடைவெளி கூடுகிறது. அத்தனை கண்ணிகளின் தேய்மானமும் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. அண்ணாச்சி தம் தச்சு அளவுகோலைச் சங்கிலியின்மேல் வைத்து 24 கண்ணி எண்ணுவார். 12 அங்குலத்துக்குமேல் மாகாணி ஏறியிருந்தால் சங்கிலியை மாற்றவேண்டும். அரைக்கால் ஏறும்வரை விட்டுவிட்டால் பல்சக்கரமும் கெட்டிருக்கும். இரண்டையும் சேர்த்தே வாங்கவேண்டும். பதினாறில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு என்று பள்ளியில் படித்ததை மாகாணி, அரைக்கால் என்று அவர் வாயால் கேட்கும்போது, அவ்வளவு சிறிய அளவுக்கும் நம் முன்னோர் ஒரு பெயர் வைத்துக்கொண்டு வாழ்ந்தார்களே என்று தலைமையாசிரியர் ஒவ்வொரு முறையும் மகிழ்வார். ஒவ்வொரு முறையும் நாங்களும் அதைக் கேட்டுக்கொள்வோம்.

சங்கிலியிலிருந்து வீட்டுக்குப் போவதற்கு எங்களுக்கு ஒரு தெருமுனை போதும். ஆண்டுக்கொருமுறை வண்டியை முழுவதும் பிரித்துக் கழுவிப் பூட்டுவதை எங்கள் ஊர்ப் பட்டறைகளில் 'ஓவராயில்' என்பார்கள். ஆங்கிலச் சொல் ஒன்று நம் நாவில் எண்ணெயாக மாறியது அது. கணக்கர் வீட்டுக்கும் 'ஓவராயில்' செய்வதாகத்தான் சொல்வார். ஆகஸ்ட் 5ஆம் நாள் மாதா திருவிழாவுக்கு முன் வெள்ளையடித்தாக வேண்டும்; அதற்குமுன் மொட்டைமாடியைப் பார்த்தாக வேண்டும். தட்டோட்டுக்கு இடையே பிளவு விட்டிருக்கிறதா? செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் தெளித்து, சித்தாள் பெண்கள் வரிசையாக அமர்ந்து அடித்து இறுக்கிய பழைய தளம் இன்னும் தாங்குமா, அல்லது கொத்தி எடுக்கவேண்டுமா? தாங்கும் என்பார் அண்ணாச்சி. தாங்காது என்பார் கணக்கர். சாலை முடியும்வரை இது போகும்.

எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இந்தப் பேச்சின்மேல் பெரிய மதிப்பில்லை. "அஞ்சு பேரும் பேசுற நேரத்துல ஏறி நின்னு அடைச்சிருந்தா எப்பவோ ஒழுக்கு நின்னிருக்கும்" என்பது ஒரு வீட்டின் தீர்ப்பு. அதில் நியாயம் இருக்கிறது. வீட்டைப்பற்றிப் பேசுகிறவர்கள் நாங்கள். வீட்டை அறிந்தவர்கள் அவர்கள். எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது, எந்தக் குழாயை இரண்டு சுற்றுக்குமேல் திருகக்கூடாது என்பதெல்லாம் அவர்கள் கையில் இருக்கும் அறிவு.

இது துறைமுக நண்பர் வீட்டில் தெரிந்தது. 2021இல் அவர் துணைவியார் காலமானார். அடக்கத்துக்குப் பின் ஏழெட்டு வாரம் அவர் வெளியே வரவில்லை. நாங்கள் நால்வரும் போனோம், அமர்ந்தோம், காபி குடித்தோம், எழுந்து வந்தோம். என்ன பேசுவது? எங்கள் தலைமுறை ஆண்களுக்கு அதற்கான சொற்களை யாரும் கற்றுத்தரவில்லை. பிறகு ஒருநாள் அண்ணாச்சி தனியாகப் போய், "தம்பி, சைக்கிள் நின்ன இடத்துலயே நிக்கு. செயினு இறுகிப் போயிருக்கும். நான் கொண்டு போறேன்" என்று உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். சங்கிலியைக் கழற்றி டீசலில் ஊறவைத்து, சீட்டுக் கம்பியை உருவி கிரீஸ் தடவி (அது துருப்பிடித்து இறுகிவிட்டால் பிறகு வண்டியை அறுத்துத்தான் எடுக்கவேண்டும்), மூன்றாம் நாள் திரும்பக் கொண்டுபோய் விட்டார். அப்போதுதான் நண்பர் வாய் திறந்தாராம். மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது, எந்த வால்வை மூடுவதென்று தெரியவில்லை, அவளுக்குத்தான் தெரியும் என்றாராம். இருவரும் மாடிக்கு ஏறி ஒவ்வொரு வால்வாக மூடி, கீழே எந்தக் குழாய் நிற்கிறதென்று பார்த்து, சுண்ணாம்பால் எண்ணிட்டு வந்தார்கள். அடுத்த வாரம் அவர் வண்டியோடு வந்து நின்றார்.

அன்றிலிருந்து நாங்கள் அவரைக் கேட்பதெல்லாம் வால்வைப்பற்றியும் ஒழுக்கைப்பற்றியும்தான். "ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்க வாய் வராது. "மோட்டார் எடுக்கா?" என்று கேட்போம். எடுக்கிறது என்று அவர் சொல்லும் விதத்திலேயே தூக்கம் வந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இந்தப் பேச்சுக்கு வேறொரு பயனும் உண்டு என்பதை 2023 டிசம்பரில் கண்டோம். 17ஆம் நாள் ஞாயிறு தொடங்கிய மழை விடவேயில்லை. 18ஆம் நாள் காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. எங்கள் நகரிலும் பல பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. மின்சாரம் இல்லை, கைபேசிகள் செத்துவிட்டன. யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வழியில்லை. ஆனால் யார் வீடு எப்படி என்று எங்களுக்குத் தெரியும். கணக்கர் வீடு தெருவைவிட இரண்டடி தாழ்வு. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டுப்போட்டு, ஏறிப் போகவேண்டிய வீடு இறங்கிப் போகவேண்டிய வீடாகிவிட்டதென்று பத்தாண்டாகப் புலம்புகிறவர் அவர். அந்தப் புலம்பலில் எத்தனையோ நாள் நாங்கள் கொட்டாவி விட்டிருக்கிறோம். அன்று அதுவே வழிகாட்டியது. அண்ணாச்சியும் தலைமையாசிரியரும் முதலில் அங்கேதான் போனார்கள். மோட்டார் சைக்கிள்களின் எஞ்சினில் நீர் ஏறி அவை ஆங்காங்கே நின்றுவிட்டன. மிதிவண்டிக்கு அந்தக் கவலையில்லை. இடுப்பளவு நீரில் அதைத் தள்ளிக்கொண்டு போய், கட்டிலின்மேல் கட்டில் போட்டு அமர்ந்திருந்த கணக்கரின் தாயாரைக் கேரியரில் உட்கார்த்தி, இருபுறமும் பிடித்து, மேட்டுத் தெருவுக்குக் கொண்டு வந்தார்கள். அம்மாவுக்கு அப்போது வயது 88. வரும் வழியில் அவர் கவலையெல்லாம் அட்லஸ் வண்டி நனைகிறதே என்பதுதான்.

நீர் வடிந்த பின் வண்டிகளைப் பிரித்தோம். சக்கர அச்சைத் திறந்தால் உள்ளே கிரீஸ் இல்லை. தேநீர் நிறத்தில் ஒரு குழம்பு. முன்சக்கரத்தில் பக்கத்துக்குப் பத்துக் குண்டு, பின்சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது. அத்தனையும் புள்ளி விழுந்து கிடந்தன. குண்டுகளை மாற்றி, கிண்ணங்களைத் துடைத்து, புதிய கிரீஸ் வைத்து முடிக்க ஒருவாரம் ஆயிற்று. வண்டிகள் அவ்வளவு எளிது.

வீடுகள் அப்படியில்லை. துறைமுக நண்பரின் வீட்டு முன்கட்டு, கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு முன்னோர் கட்டியது. அந்தக் கல்லை இனி யாரும் எடுக்க முடியாது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. அது நல்லதே, மன்னார் வளைகுடாவில் மீன்கள் குஞ்சு வளர்க்கும் இடத்தையல்லவா நாம் பெயர்த்துச் சுவர் எழுப்பினோம்! ஆனால் எழுப்பிய சுவர் நிற்கிறது. இருபது முப்பது ஆண்டுக்குமுன் அதன்மேல் சிமெண்டுப் பூச்சுப் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். சிமெண்டு அதன் வாயைக் கட்டிவிட்டது. வெள்ளத்தில் குடித்த நீரை வெளியே விட வழியில்லாமல், உள்ளிருந்த உப்பு பூச்சைத் தள்ளிக்கொண்டு பூத்தது.

பின்கட்டில் வேறு நோய். அது காங்கிரீட்டு, அந்நாளில் உவர்க் கிணற்று நீரிலேயே குழைத்தார்களாம். நல்ல காங்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கும். உப்பு கம்பியைத் தொட்டுவிட்டால் அந்தக் காவல் போய்விடும். துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். இடம் எங்கே? காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். அண்ணாச்சி சுத்தியல் காம்பால் சன்ஷேடைத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் ஓசை பானையைத் தட்டியதுபோல் மாறியது. மேலே பூசி மறைத்தால் ஆறுமாதம் அழகாக இருக்கும், பிறகு யார் தலையிலாவது விழும் என்றார். கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் குழைத்துப் புதிதாகப் போடவேண்டும். மகள் கோவையிலிருந்து பேசினார். அப்பா எதற்கு இந்த வயதில் தனியாக இதோடு போராட வேண்டும்? அடுக்குமாடி கட்டுகிறவர்கள் நல்ல விலை கேட்கிறார்கள், கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடலாமே என்றார். தவறாகச் சொல்லவில்லை.

அந்தக் கேள்வி எங்கள் காலைச் சவாரியில் பல மாதம் கூடவே வந்தது. யாரும் அதை நேராகத் தொடவில்லை. விற்கப்போகிற வீட்டுக்குச் சன்ஷேடு எதற்கு என்று கணக்கர் ஒருமுறை கேட்டார். விற்கும்வரை கீழே நடக்கிறவனுக்குத் தலை வேண்டாமா என்று அண்ணாச்சி கேட்டார். அதோடு நின்றது. 2024 கோடையில் சன்ஷேடு முடிந்தது. முன்கட்டுச் சுவரிலும் சிமெண்டுப் பூச்சை நான்கடி உயரத்துக்கு உரித்துவிட்டார்கள். கழுவாதீர்கள், கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும், உலர்ந்த தூரிகையால் மட்டும் துடையுங்கள், பூப்பது நின்ற பிறகு சுண்ணாம்புப் பூச்சு வைக்கலாம், அதற்கு இரண்டு கோடையாவது ஆகும் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். மகளிடம் நண்பர், சுவர் காயட்டும், அதன்பின் பேசுவோம் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

காலையில் வண்டியை எடுக்குமுன் அவர் அந்தச் சுவரைத் துடைக்கிறார். உதிரும் உப்பை முறத்தில் வாரி வெளியே கொட்டுகிறார். குறைந்துகொண்டுதான் வருகிறது என்கிறார். கணக்கர் அதை நம்பவில்லை. வாரத்துக்கொருமுறை எடைபோட்டு எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்.