சுவிட்சைத் தட்டினால் தாழும் கார்... கலிஃபோர்னியாவின் 'லோரைடர்' தெருக்களில் ஒரு ரவுண்டு!

அமெரிக்க கார் என்றாலே பலருக்கும் வேகம்தான் நினைவுக்கு வரும். ஆனால், கலிஃபோர்னியாவின் சில தெருக்களில் கதையே வேறு. அங்கே ஒரு கார் எவ்வளவு மெதுவாகப் போகிறதோ, தரையை ஒட்டி எவ்வளவு தாழ்ந்து போகிறதோ, அவ்வளவு மரியாதை. வெயில் தாழ்ந்ததும், மினுமினுக்கும் பெயின்ட்டும் குரோமியப் பளபளப்புமாக 1960-களின் கார்கள் வரிசைகட்டி ஊர்ந்து வரும். தாத்தா பாட்டி முதல் பேரக்குழந்தைகள் வரை நடைபாதையில் நின்று, தேர் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

இவைதான் 'லோரைடர்' கார்கள். மெக்ஸிகோ வம்சாவளி அமெரிக்கர்களின் பெருமை. காரைத் தாழ்வாக ஓட்டியதற்காக அபராதம் கட்டியவர்கள் இங்கே உண்டு. அந்த அபராதத்துக்கு வீட்டிலேயே பதில் கண்டுபிடித்தவரும் உண்டு. அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள மூன்று ஊர்களைச் சுற்றி வர வேண்டும்.

மணல் மூட்டையில் தொடங்கிய கதை

முதல் ஊர், ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலீஸ். நடுவே ஓடும் விட்டியர் பொலிவார்டுதான் இந்தப் பகுதியின் கடைவீதி. கல்யாண உடைக் கடைகள், பேக்கரிகள், டாக்கோ கடைகள் என எப்போதும் கலகலப்பு. சாலைக்குக் குறுக்கே நிற்கும் பெரிய வளைவுதான் ஏரியாவின் அடையாளம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, இங்கிருந்த இளைஞர்கள் பழைய கார்களை வாங்கத் தொடங்கினார்கள். மற்றவர்கள் இன்ஜினை முடுக்கி 'ஹாட் ராட்' ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. இவர்களோ எதிர்த்திசையில் யோசித்தார்கள். டிக்கியில் மணல் மூட்டைகளை ஏற்றி காரின் பின்பக்கத்தை அமுக்கினார்கள். அது போதாதபோது, வீட்டு வாசலிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கி, சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் ஓரிரு சுற்றுகளை வெட்டி எடுத்தார்கள்.

கேட்க எளிதாக இருந்தாலும், இதில் ஆபத்து அதிகம். சுருள் ஸ்பிரிங்கில் சுற்று குறைந்தால் அதன் விறைப்பு கூடும். அசையும் இடமோ குறைந்துவிடும். சின்னப் பள்ளம்கூட முதுகெலும்பில் தெரியும். சக்கரத்தின் சாய்வு மாறி, டயர் ஒருபக்கமாகத் தேயும். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றும்போது கைதவறினால், அது உயிரைப் பறிக்கும் வேகத்தில் தெறிக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமான சிக்கல், ஒருமுறை வெட்டிவிட்டால் கார் தாழ்ந்தது தாழ்ந்ததுதான். மறுபடி உயர்த்த வழியில்லை.

அந்தச் சிக்கலைப் பெரிதாக்கியது ஒரு சட்டம். 1950-களின் இறுதியில் கலிஃபோர்னியா மாநிலம் புதிய விதியைக் கொண்டுவந்தது. மாற்றியமைக்கப்பட்ட காரில், சக்கரத்தைத் தவிர வேறெந்த பாகமும் ரிம்மின் அடிவிளிம்பைவிடத் தாழ்ந்திருக்கக் கூடாது என்பதுதான் அது. தாழ்ந்த கார்களைத் தெருவில் நிறுத்தி அபராதச் சீட்டு நீட்ட, போலீஸுக்கு இது வசதியாகிப்போனது.

விமான பம்ப்பும் ஒரு கார்வெட்டும்

இரண்டாவது ஊர், சான் பெர்னார்டினோ. லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர். புகழ்பெற்ற 'ரூட் 66' நெடுஞ்சாலை கடந்துபோன ஊர். மெக்டொனால்டு சகோதரர்கள் முதல் உணவகத்தைத் திறந்ததும் இங்கேதான். கார் ரசிகர்களுக்கோ, இந்த ஊர் என்றால் ரான் அகிரேதான் நினைவுக்கு வருவார்.

அகிரேயிடம் 1950-களின் செவர்லே கார்வெட் ஒன்று இருந்தது. ஃபைபர் கிளாஸ் உடல்கொண்ட, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். அதைத் தாழ்த்தி ஓட்டினால் அழகு. ஓட்டினால் அபராதம். காரை நிரந்தரமாகத் தாழ்த்தாமல், வேண்டும்போது தாழவும் போலீஸ் வரும்போது உயரவும் செய்ய முடிந்தால்?

அந்தக் காலத்தில் போர் விமானங்களின் உபரி உதிரிபாகங்கள் மலிவு விலைக்குக் கிடைத்தன. அவற்றில், விமான ஹைட்ராலிக் அமைப்புகளில் பயன்பட்ட 'பெஸ்கோ' பம்ப்புகளும் வால்வுகளும் இருந்தன. 1959 வாக்கில், தந்தையின் துணையோடு அகிரே அவற்றைத் தன் கார்வெட்டில் பொருத்தினார். 'எக்ஸ்-சோனிக்' என்ற பெயரில் பிரபலமான அந்தக் கார், ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் பொருத்தப்பட்ட முதல் கஸ்டம் கார் என்று கொண்டாடப்படுகிறது.

தத்துவம் எளிமையானது. பேட்டரியில் ஓடும் மோட்டார், பம்ப்பைச் சுழற்றும். பம்ப் எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ளும். சிலிண்டர் நீண்டு காரின் உடலை மேலே தூக்கும். வால்வைத் திறந்தால், காரின் எடையே எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பிவிடும். கார் மெல்லத் தரையை நோக்கி அமரும். போலீஸ் தென்பட்டால் ஒரு சுவிட்ச். சில நொடிகளில் கார் சட்டப்படியான உயரத்துக்கு வந்துவிடும்!

இந்த யோசனை ஷெட் ஷெட்டாகப் பரவியது. விமான பாகங்களுக்கு அடுத்து, லாரியின் பின்னால் சரக்கை ஏற்றி இறக்கும் பலகையின் பம்ப்புகள் வந்தன. கார்களில் 1958 முதல் 1964 வரையிலான செவர்லே இம்பாலா எல்லோருக்கும் செல்லமானது. 'X' வடிவச் சட்டகம் கொண்ட இந்தக் கார், தரைவரை தாழ்த்துவதற்குத் தோதாக இருந்ததும் ஒரு காரணம். பிற்காலத்தில் டிக்கி நிறைய பேட்டரிகளை அடுக்கி, காரைத் துள்ளிக் குதிக்க வைக்கும் போட்டிகளும் தொடங்கின.

ரோஜாக்கள் பூத்த இம்பாலா

மறுபடியும் விட்டியர் பொலிவார்டு. இந்தத் தெருவுக்கு ஆறாத காயம் ஒன்று உண்டு. 1970 ஆகஸ்ட் 29 அன்று, வியட்நாம் போரை எதிர்த்து மெக்ஸிகோ வம்சாவளி மக்கள் இங்கே பேரணி நடத்தினார்கள். அதைக் கலைக்க போலீஸ் இறங்கியது. விட்டியரில் இருந்த 'சில்வர் டாலர்' என்ற மதுக்கூடத்துக்குள் அமர்ந்திருந்த பத்திரிகையாளர் ரூபன் சலசார், ஷெரிஃப் துறைக் காவலர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு பாய்ந்து இறந்தார். பேரணி முடிந்த பூங்கா இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே தெருவில், அதே காலகட்டத்தில்தான் ஜெஸ்ஸி வலடெஸின் 'ஜிப்ஸி ரோஸ்' உலா வந்தது. இளஞ்சிவப்பு நிற 1964 இம்பாலா. உடல் முழுக்கக் கையால் வரைந்த ரோஜாக்கள். 1974-ல் தொடங்கிய 'சிகோ அண்ட் தி மேன்' தொலைக்காட்சித் தொடரின் டைட்டில் காட்சியில் வந்து, நாடு முழுக்கப் பிரபலமானது. 2017-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பிடித்தது. தலைநகர் வாஷிங்டனின் நேஷனல் மாலில் கண்ணாடிக் கூண்டுக்குள் காட்சிக்கு வைக்கப்பட்டது. ஒரு காலத்தில் போலீஸ் ஓரங்கட்டிய ரகத்துக் கார், நாட்டின் பாரம்பரியச் சொத்தானது!

பலகைகள் இறங்கிய தெரு

மூன்றாவது ஊர், மெக்ஸிகோ எல்லைக்கு அருகில், சான் டியகோவை ஒட்டியிருக்கும் நேஷனல் சிட்டி. இங்குள்ள ஹைலேண்ட் அவென்யூ, லோரைடர்களுக்குப் பிடித்த சாலை. ஆனால், 1992-ல் நகர நிர்வாகம் 'குரூஸிங்' செய்யத் தடை போட்டது. ஒரே சாலையில் திரும்பத் திரும்பக் காரில் மெதுவாக வலம் வருவதே குற்றம் என்றானது. எச்சரிக்கைப் பலகைகளும் முளைத்தன.

லோரைடர் கிளப்புகள் சண்டைக்குப் போகவில்லை. நகர மன்றக் கூட்டங்களுக்குப் போய்ப் பேசின. வன்முறைக் கூட்டம் அல்ல, குடும்பத்தோடு வருகிறவர்கள் நாங்கள் என்பதைப் பொறுமையாகப் புரியவைத்தன. 2023-ல் அந்த ஊரின் தடை நீங்கியது. அதே ஆண்டு அக்டோபரில், டேவிட் அல்வாரெஸ் கொண்டுவந்த ஏ.பி. 436 மசோதாவில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டார். 2024 ஜனவரி 1 முதல், கலிஃபோர்னியா நகரங்கள் குரூஸிங்கைத் தடைசெய்ய முடியாது. காரின் உயரத்தை அளந்த பழைய விதியும் அதோடு காணாமல்போனது.

சட்டம் மாற 65 ஆண்டுகள் ஆகியிருக்கிறது. ஆனால், ஸ்பிரிங் வெட்டினால் வரும் ஆபத்து மாறவில்லை. சஸ்பென்ஷன் வேலை தெரிந்தவர்களின் மேற்பார்வை, சரியான கருவிகள், வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் என அனுபவசாலிகள் இன்றும் கறாராக இருக்கிறார்கள்.

'தாழ்வாக, மெதுவாக' என்பதுதான் லோரைடர்களின் தாரக மந்திரம். தெருவில் தங்களைக் கண்ணுக்குப் படாமல் ஒதுக்கியவர்களுக்கு, 'நின்று நிதானமாகப் பாருங்கள்' என்று அவர்கள் சொன்ன பதில் அது. அந்தக் கார்கள் இன்று எந்த சுவிட்சையும் அவசரமாகத் தட்டாமல், தாழ்ந்தபடியே ஊர்கின்றன.