மூன்றரை லட்சம் ரூபாய் பெட்டியும் அப்பாவின் கேசட்டுகளும்

புனேயில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "மியூசிக் சர்வர் ஒண்ணு மூன்றரை லட்சம் சொல்றாங்க. வாங்கலாமா? நீதான் பேங்க்காரனாச்சே, கணக்குப் போட்டுச் சொல்லு." நாக்பூருக்கு மாற்றலாகி வந்த புதிதில் இதே கேள்வி எனக்கும் இருந்தது. அதனால் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில், அந்தப் பெட்டி என்ன செய்கிறது? சி.டி.யைப் போட்டால் பாட்டை உள்ளே ஏற்றிக்கொள்ளும். பெயர், படம் எல்லாம் இணையத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். போனில் தட்டினால் பாடும். உள்ளே இருப்பது ஒரு கம்ப்யூட்டர், ஒரு டிஸ்க், நல்ல பவர் சப்ளை, விசிறிச் சத்தம் இல்லாத அழகான அலுமினிய உடம்பு. அவ்வளவுதான்.

"சத்தம் வேற லெவல் சார்" என்றார் கடைக்காரர். சி.டி. என்பது வினாடிக்கு 44,100 தடவை, தடவைக்கு 16 பிட் என்று எழுதி வைத்த எண்கள். ஃப்ளாக் ஃபைலாக மாற்றினால் இடம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும், ஆனால் ஒரு எண் கூட மாறாது. பத்தாயிரம் ரூபாயை பெரிய கிளையிலிருந்து அனுப்பினாலும் கிராமக் கிளையிலிருந்து அனுப்பினாலும் போய்ச் சேருவது பத்தாயிரம்தானே? எண்ணை ஒலியாக்குவது டி.ஏ.சி.யின் வேலை. இப்போதைய யு.எஸ்.பி. டி.ஏ.சி.கள் பெரும்பாலும் தங்கள் சொந்தக் கடிகாரத்தை வைத்தே ஓடுகின்றன. சர்வரின் கடிகாரத்தை நம்பி இல்லை.

ஆனாலும் காதுதானே நீதிபதி! என் லேப்டாப்பைக் கடைக்கே எடுத்துப் போனேன். ஒரே டி.ஏ.சி., ஒரே ஸ்பீக்கர், ஒரே பாட்டு. நான் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ள, கூட வந்த சக ஊழியர் மாற்றி மாற்றிப் போட்டார். பத்துக்கு ஐந்து சரியாகச் சொன்னேன். பூவா தலையா போட்டிருந்தாலும் அதே மார்க்தான் :-)

அடுத்தது தேய்மானம். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு வருடம் 40 சதவீதம். அந்த அளவுகோலில் மூன்றரை லட்சம், மூன்று வருடத்தில் 75,600 ரூபாய். நல்ல ஸ்பீக்கர் அப்படி இல்லை, இருபது வருடம் உழைக்கும். கம்பெனி ஆதரவை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் ஒரு கேள்வி. லாஜிடெக் 2012-ல் ஸ்க்வீஸ்பாக்ஸை நிறுத்தியது. 2024-ல் அதன் இணையச் சேவையையும் மூடியது. ஆனாலும் பழைய பெட்டிகள் இன்றும் பாடுகின்றன. காரணம், சர்வர் மென்பொருள் திறந்த மூலம். லிரியான் என்ற பெயரில் ஆர்வலர்களே அதை வளர்க்கிறார்கள். மூடிய பெட்டிக்கு அந்த ஆயுள் உத்தரவாதம் யார் தருவார்?

இதெல்லாம் பொதுக் கணக்கு. என் சொந்தக் கணக்கு வேறு.

அப்பா விட்டுப் போனது 160 கேசட்டுகள். பெரும்பாலானவை திருச்சி வானொலியிலும் சனிக்கிழமை இரவு தேசிய நிகழ்ச்சியிலும் பிடித்த கச்சேரிகள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அப்பாவே பேசியிருப்பார். தேதி, பாடகர், வயலின், மிருதங்கம். சிலதில் "வெளியில மழை, கரண்ட் போனாலும் போகும்" என்று கூட. லக்னோ, புவனேஸ்வர், நாக்பூர் என்று எங்களோடு ஊர் ஊராக லாரியில் வந்தவை. நாக்பூர் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். டேப்புக்கு அது ஆகாது.

இந்தக் கேசட்டுகளுக்கு அந்த விலை உயர்ந்த சர்வர் ஒரு உதவியும் செய்யாது. அதற்குத் தெரிந்தது சி.டி.தான். இந்தக் கச்சேரிகளின் பெயர் எந்த இணையப் பட்டியலிலும் கிடையாது. ராகம், பக்கவாத்தியம் எல்லாம் நாமே கேட்டுக் கேட்டுத் தட்ட வேண்டியதுதான். ஒலி கெடும் இடமும் சர்வர் இல்லை, டேப் ஹெட். அதன் சாய்வு கொஞ்சம் பிசகினாலும் தம்பூராவின் மினுமினுப்பு போய்விடும். பக்கத்தில் இருக்கும் சின்ன திருகாணியை ஒவ்வொரு கேசட்டுக்கும் திருப்பிச் சரிசெய்ய வேண்டும்.

ஆக, செலவு இப்படி ஆயிற்று. பழைய டெக் ஒன்றை வாங்கி சர்வீஸ் செய்ததற்கு 14,000. ஒலியைப் பிடிக்கும் கருவி 9,000. ராஸ்ப்பெரி பை, டப்பா, கார்டு எல்லாம் சேர்த்து 9,000. டி.ஏ.சி. 10,000. 1 டி.பி. டிஸ்க் இரண்டு 10,000. மொத்தம் 52,000. ஒரு டிஸ்க் இங்கே, இன்னொன்று சென்னையில் தங்கை வீட்டில். கேசட்டும் சி.டி.யுமாக எல்லாம் சேர்ந்தே 200 ஜி.பி.க்குள் அடங்குகிறது. மணி நேர கேசட்டுக்கு மணி நேரம் ஆகும். வாரம் நான்கு என்று நாற்பது வாரம் உட்கார்ந்தேன்.

விலை உயர்ந்த பெட்டி யாருக்கு? நூற்றுக்கணக்கில் சி.டி. இருந்து, கம்ப்யூட்டர் பக்கமே போக விரும்பாமல், ஏதாவது ஆனால் கடைக்காரரைக் கூப்பிட்டுக்கொள்ளும் வசதி இருப்பவருக்கு. அவர் வாங்கட்டும், தப்பே இல்லை. அது சௌகரியத்துக்குக் கொடுக்கும் விலை, ஒலிக்கு இல்லை.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: பரணில் கேசட் இருந்தால் முதலில் அதை இறக்கு. சர்வர் அடுத்த வருஷமும் கடையில் இருக்கும். தமிழை விட ஹிந்தி சரளமாக வரும் என் பெண்ணுக்கு இப்போது தாத்தாவின் குரல் தெரியும். "மழை கேசட் போடுப்பா" என்கிறாள்.