பீச்சாங்கைக்கு ஒரு மவுஸ்

பக்கத்துல மவுஸ் இருந்தா எடுத்துத் திருப்பிப் போட்டுப் பாருங்க. டச்பேட் மட்டும்தான்னா பரவாயில்லை, அடுத்த தடவை லேப்ல உட்காரும்போது பாருங்க. அடியில ஒரு சின்ன ஓட்டை, உள்ளே சிவப்பு வெளிச்சம், வழுக்குறதுக்கு நாலு பட்டை, ஒரு ஸ்டிக்கர். இப்போ நிமிர்த்துங்க. மேலே ரெண்டு பட்டன், நடுவுல சக்கரம். கொஞ்சம் விலை அதிகமான மவுஸ்னா இடது பக்கம் கட்டை விரல் உட்கார ஒரு பள்ளம், அதுக்கு மேலே இன்னும் ரெண்டு குட்டி பட்டன்.

என் கணக்குப்படி மவுஸுக்கு ரெண்டு வரலாறு இருக்கு. அடிப்பக்கத்துக்கு ஒண்ணு, மேல்பக்கத்துக்கு ஒண்ணு. மரக்கட்டை, பந்து, லைட்டுனு வழக்கமா எல்லாரும் சொல்றது அடிப்பக்கக் கதை. மேல்பக்கக் கதையை நான் கவனிக்க ஆரம்பிச்சதுக்குக் காரணம் ஒண்ணுதான்: எனக்குப் பீச்சாங்கைப் பழக்கம்.

முதலில் மரக்கட்டை. கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில் ஸ்டான்ஃபோர்டு ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் இருந்தது. திரையில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட எது வசதியான கருவி என்று அங்கே டக்ளஸ் எங்கல்பார்ட் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய யோசனையை வைத்து 1964-இல் பில் இங்கிலிஷ் என்ற இன்ஜினியர் செய்துகொடுத்ததுதான் முதல் மவுஸ். கையடக்கமான மரப்பெட்டி, மேலே ஒரே ஒரு பட்டன், அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள். ஒன்று இடம் வலமாக நகர்வதை அளக்கும், இன்னொன்று முன்னும் பின்னும் நகர்வதை. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுவது பொட்டென்ஷியோமீட்டர். ஃபர்ஸ்ட் இயர் லேப்ல நாம திருகித் திருகி ரீடிங் எடுத்தோமே, அதே சாமான்தான். நேராக வலது பக்கம் இழுத்தால் ஒரு சக்கரம் உருளும், இன்னொன்று உருளாமல் தேய்ந்துகொண்டே கூட வரும்.

அவர்கள் இதை மட்டும் செய்து பார்க்கவில்லை. லைட் பேன், ஜாய்ஸ்டிக், மேசைக்கு அடியில் முழங்காலால் தள்ளும் ஒரு கருவி என்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, ஆட்களை உட்கார வைத்து நேரம் பார்த்தார்கள். முடிவு 1967-இல் பேப்பராக வந்தது. பழகியவர்கள் கையில் மவுஸ்தான் முதலிடம். ஆனால் புதிதாக உட்கார்ந்தவர்களுக்கு முழங்கால் கருவி மவுஸை விட வேகமாக இருந்தது! அது ஜெயிச்சிருந்தா நம்ம லேப் எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அறுபது பேர் ஒரே நேரத்துல காலாட்டிக்கிட்டு இருப்போம், வீட்டுல பாட்டி யாரையும் திட்ட முடியாது.

1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் மேடையேறிக் காட்டிய டெமோவின் வீடியோ யூடியூபில் கிடைக்கிறது. மவுஸைப் பார்க்கத்தான் எல்லோரும் போவார்கள். நீங்க அவர் இடது கையைப் பாருங்க. வலது கையில் மூன்று பட்டன் மவுஸ். இடது கையில் ஐந்தே ஐந்து கட்டைகள் உள்ள ஒரு கீசெட். பியானோவில் கார்டு பிடிப்பதுபோல் சேர்த்துச் சேர்த்து அழுத்தினால் எழுத்து விழும். நடுவில் சாதாரண கீபோர்டு. அவர் நினைத்த கம்ப்யூட்டரில் இரண்டு கைக்கும் தனித்தனி வேலை இருந்தது. கீசெட் ஜெராக்ஸின் ஆல்டோ கம்ப்யூட்டர் வரைக்கும் கூட வந்துவிட்டு அதோடு மறைந்துபோனது. வலது கைச் சாமான் மட்டும் உலகம் முழுக்கப் போனது.

அடுத்தது பந்து. எங்கல்பார்ட்டின் டெமோவுக்குச் சில வாரங்கள் முன்பே, அவரைப் பற்றித் தெரியாமலேயே, ஜெர்மனியின் டெலிஃபுங்கன் கம்பெனி 'ரோல்குகல்' என்ற பந்து மவுஸை வெளியிட்டிருந்தது. ட்ராக்பாலைக் கவிழ்த்துப் போட்டால் என்ன வருமோ அதுதான். பேட்டண்ட் கேட்டார்கள், இதில் புதுமை போதாது என்று கொடுக்கவில்லை. அமெரிக்காவில் பில் இங்கிலிஷ் ஜெராக்ஸ் பார்க் ஆராய்ச்சிக் கூடத்துக்கு மாறிப்போய், அங்கே தன் சக்கர மவுஸைத் தானே பந்து மவுஸாக மாற்றினார். அந்தப் பந்துக்குள்ள இருக்கிற வேலைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பந்து உருண்டால் இரண்டு உருளைகள் சுற்றும். ஒவ்வொரு உருளையின் முனையிலும் ஓரமெல்லாம் கீறல் விட்ட ஒரு தட்டு. ஆப்டிகல் வகைத் தட்டுக்கு ஒரு பக்கம் எல்இடி, மறு பக்கம் இரண்டு சென்சார்கள். கீறல் வரும்போது வெளிச்சம், போகும்போது இருட்டு. எண்ணினால் தூரம் தெரிந்துவிடும். திசை? அதற்குத்தான் இரண்டாவது சென்சார். இரண்டையும் கால் சுற்று தள்ளி வைத்திருப்பார்கள். ஏ முதலில் விழித்தால் ஒரு திசை, பி முதலில் விழித்தால் எதிர்த் திசை. ரோபோடிக்ஸ் க்ளப்ல மோட்டாருக்குப் பின்னாடி மாட்டுற குவாட்ரேச்சர் என்கோடர் இதேதான். வைவாவுல கேட்டா மவுஸைச் சொல்லுங்க, எக்ஸ்டர்னல் சிரிச்சாச்சும் மார்க் போடுவார்.

பந்தை மலிவாக்கியது ஆப்பிள். ஸ்டீவ் ஜாப்ஸ் வந்து, ஜெராக்ஸ் மவுஸுக்கு 300 டாலர் ஆகிறது, இரண்டு வாரத்தில் கெட்டுப்போகிறது, எனக்கு 15 டாலருக்குள் வேண்டும் என்று கேட்டதாக டிசைனர் டீன் ஹோவி பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஹோவி கடைக்குப் போய் ரோல்-ஆன் டியோடரண்டையும் வெண்ணெய் வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவையும் வாங்கிவந்து, டியோடரண்டின் உருண்டையை எடுத்து முதல் மாதிரியைச் செய்தாராம். 1983-இல் லிசா கம்ப்யூட்டரோடு அந்த மவுஸ் வந்தது. லிசாவின் விலை 9,995 டாலர் என்பது வேறு விஷயம்.

பந்து மவுஸின் சாபம் அழுக்கு. உருளையைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை படியும், கர்சர் தடுக்கித் தடுக்கிப் போகும், நகத்தால் சுரண்டணும். அதனால் 1980 வாக்கிலேயே ஸ்டீவ் கிர்ஷும், ஜெராக்ஸில் ரிச்சர்ட் லயனும் தனித்தனியாக ஆப்டிகல் மவுஸ் செய்தார்கள். கிர்ஷின் மவுஸுக்குக் கோடு போட்ட உலோகப் பலகை ஒன்று வேண்டும். பலகை கொஞ்சம் கோணலாகத் திரும்பியிருந்தால் கர்சரும் கோணலாகப் போகும். பலகை தொலைந்தால் மவுஸும் போச்சு.

எந்த மேசையிலும் ஓடுகிற ஆப்டிகல் மவுஸ் கடைக்கு வர 1999 ஆனது: மைக்ரோசாஃப்ட் இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விழும். மேசையின் சொரசொரப்பு குட்டிக் குட்டி நிழல்களாகத் தெரியும். அதை நொடிக்கு 1,500 தடவை படம் எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தது என்று உள்ளே இருக்கும் சிப் கணக்குப் போடும். கண்ணாடி மேசையில் தடுமாறுவது இதனால்தான், அங்கே நிழல் விழச் சொரசொரப்பே இல்லை.

இதை நேரில் பார்க்க ஒரு வழி இருக்கு. ஸ்க்ராப்ல கிடக்கிற பழைய ஆப்டிகல் மவுஸைப் பிரிச்சா சிலதுல ஏடிஎன்எஸ்-2610 என்ற ஏஜிலென்ட் சிப் இருக்கும். ரெண்டு வயர் இழுத்து ஆர்டுயினோவுல கொடுத்தா, அது பார்க்கிற படத்தையே பிக்சல் பிக்சலா வெளியே எடுக்கலாம். 18-க்கு 18, மொத்தம் 324 பிக்சல். நான் ரெகார்ட் நோட் பேப்பர் மேல வைச்சுப் பார்த்தேன். வெள்ளைப் பேப்பர்னு நாம நினைக்கிறது அதுக்கு மேடும் பள்ளமுமா ஒரு காடு மாதிரி தெரியுது.

அதுக்கப்புறம் லேசர், வயர்லெஸ், டிபிஐ சண்டை எல்லாம் உங்களுக்கே தெரியும். ஆனா இந்த அடிப்பக்கக் கதையில ஒண்ணு கவனிச்சீங்களா? சக்கரமோ, பந்தோ, கேமராவோ, எந்தக் கை தள்ளுதுன்னு எதுக்குமே கவலை இல்லை. ஒவ்வொரு மாற்றமும் எல்லாருக்கும் ஒரே அளவு நன்மை.

இன்னொரு ஆராய்ச்சியும் இங்கே முக்கியம். ஸ்டூவர்ட் கார்டு, பில் இங்கிலிஷ், பெட்டி பர் மூவரும் ஜெராக்ஸில் செய்து 1978-இல் வெளியிட்டது. ஃபிட்ஸ் விதியை வைத்து அளந்ததில், மவுஸால் ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம் மனிதனின் கண்ணும் கையும் ஒத்துழைக்கும் வேகத்தின் எல்லைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது என்று தெரிந்தது. அதாவது 1978-லேயே தாமதம் கருவியில் இல்லை, கையில்தான்.

சரி, எந்தக் கை?

மரப்பெட்டிக்கு இடது வலது கிடையாது. லிசா மவுஸ் ஒரு செவ்வகம், அதற்கும் கிடையாது. 1998-இல் ஐமேக்கோடு வந்த ஆப்பிளின் வட்ட மவுஸ் ஒரு ஹாக்கி பக் மாதிரி. எது முன்பக்கம் என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது. எல்லாக் கைக்கும் சமமான அவஸ்தை. கையின் வளைவுக்கு ஏற்ப வடிவம் செய்யணும்னு டிசைனர்கள் இறங்கினப்போதான் பிரச்சினை ஆரம்பம், ஏன்னா வளைக்கணும்னா ஒரு கையைத் தேர்ந்தெடுக்கணும். அதே 1999 எக்ஸ்ப்ளோரரையே எடுத்துக்கோங்க. அடியில் மவுஸ்பேட் என்கிற கட்டாயத்திலிருந்து எல்லோரையும் விடுவித்த மவுஸ். மேலே முழுக்க முழுக்க சோத்தாங்கை வடிவம், கட்டை விரல் பட்டன்கள் இடது பக்கம். பிறகு இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான இன்டெல்லிமவுஸ் ஆப்டிகல் வந்தது என்பதையும் சொல்லியாகணும்.

மெக்கானிக்கல் ஆளுங்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. இடது கைக்குத் தனியா செய்யணும்னா இன்னொரு மோல்டு, இன்னொரு பிசிபி, கடையில இன்னொரு இடம். வாங்குறவங்க கொஞ்சம் பேர். லாஜிடெக் 90-களின் தொடக்கத்தில் மவுஸ்மேனுக்கு இடது கை வடிவம் விட்டது. ரேசரின் டெத்ஆடருக்கு இடது கைப் பதிப்பு வந்தது. லாஜிடெக்கின் செங்குத்து மவுஸில் 2018-இல் வந்த எம்எக்ஸ் வெர்ட்டிகல் வலது கைக்கு மட்டும். 2022-இல் வந்த லிஃப்ட்டுக்கு இடது கை வடிவம் உண்டு, ஆனால் வலது கைக்காரங்களுக்கு மூணு கலர், நமக்குக் கறுப்பு மட்டும். கிடைச்சதே பெருசுன்னு வைச்சுக்கணும்.

எனக்கு இதெல்லாம் ரொம்ப நாள் தெரியாது. ஆறாம் வகுப்பில் செருப்பை வெளியே விட்டுட்டு, ஒரு சிஸ்டத்துக்கு மூணு பேரா உட்காருவோம். நான் பென்சிலை இடது கையில் பிடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத அதே மிஸ், என் இடது கையிலிருந்த மவுஸை எடுத்து வலது பக்கம் வைச்சாங்க. திட்டலை. மவுஸோட இடம் அதுதான்னு வைச்சாங்க, அவ்வளவுதான். சாப்பிடுறது, சாமி பூ வாங்குறது, பெரியவங்ககிட்ட காசு கொடுக்கிறது வரிசையில இன்னொண்ணு. பழகிட்டேன்.

ஆறாவது செமஸ்டரில் ப்ராஜெக்டுக்காக ராத்திரி பகலா டிசைன் போட்டப்போ வலது மணிக்கட்டுல வலி. முதல்ல ஸ்ப்ரே, அப்புறம் க்ரேப் பேண்டேஜ், அப்புறம் டம்ளரைத் தூக்கினாலே சுரீர். பிசியோதெரபிஸ்ட் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "ஒரு மாசம் மவுஸை இடது கைக்கு மாத்துங்க. முதல்ல கஷ்டமா இருக்கும்"னார்.

"நான் இடது கைதான் சார்."

"அப்புறம் எதுக்கு வலதுல பிடிக்கிறீங்க?"

பதில் சொல்லத் தெரியலை. இத்தனை வருஷத்துல இப்படி யாரும் கேட்டதில்லை.

மாத்தினேன். மூணு நாள் கர்சர் குடிச்சவன் மாதிரி நடந்துச்சு. ஒரு வாரத்துல சரியாயிடுச்சு. ரெண்டு மாசத்துல வலி போச்சு. ஒரு விஷயம் வலது கைக்காரங்களுக்கும் சொல்றேன். முழு கீபோர்டில் நம்பர் பேடு வலது பக்கம் இருக்கு. அதைத் தாண்டி மவுஸைப் பிடிக்கத் தோளிலிருந்தே கையை வெளியே நீட்டணும். இடது பக்கம் அந்தத் தடை இல்லை, மவுஸ் உடம்புக்குப் பக்கத்துல வந்துடும். கை வலிக்க ஆரம்பிச்சா ஒரு வாரம் முயற்சி பண்ணிப் பாருங்க.

சிக்கல் வேறு இடத்தில். கன்ட்ரோல் சி, வி, இசட் எல்லாம் கீபோர்டின் இடது மூலையில். இடது கை மவுஸில் இருந்தால் வலது கை குறுக்கே பாயணும். அதுக்குப் பழைய குறுக்கு வழி ஒண்ணு இன்னும் விண்டோஸ்ல வேலை செய்யுது: காப்பிக்குக் கன்ட்ரோல் இன்சர்ட், பேஸ்டுக்கு ஷிஃப்ட் இன்சர்ட், கட்டுக்கு ஷிஃப்ட் டெலீட். எல்லாம் வலது கைப் பக்கம். செட்டிங்ஸில் பட்டனை மாத்தலாம், ஆனா லேப் சிஸ்டத்துல நான் மாத்துறதில்லை. அடுத்து உட்காருறவங்க வைரஸ்னு நினைச்சு சாரைக் கூப்பிடுவாங்க. நடுவிரலால் க்ளிக் பண்ணப் பழகிக்கிட்டேன்.

வேடிக்கை என்னன்னா, ரூம்மேட் ஆசையா வாங்கின பெரிய கேமிங் மவுஸை என்னால பிடிக்கவே முடியாது. கட்டை விரல் பள்ளத்துல என் சுண்டு விரல் போய் விழுது, சைடு பட்டன் அமுங்கி பிரவுசர் பின்னாடி போயிடுது. நம்ம லேப்ல இருக்கிறதோ மொத்தமா வாங்கின மலிவு மவுஸ். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, வளைவும் இல்லை, பள்ளமும் இல்லை. யாருக்காகவும் யோசிச்சுச் செய்யாததால எனக்கும் சரியா இருக்கு. அதுக்கும் ஒரே குறை, ஒயர் நீளம். சிபியு வலது பக்கம் இருக்கு, ஒயர் மானிட்டரைச் சுத்தி இடது பக்கம் வர அரை அடி பத்தாது. லேப் அண்ணாகிட்ட சொன்னப்போ பீரோவுக்குள்ள தேடி ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் எடுத்துக் கொடுத்தார். இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்களாம், யாருன்னு சொல்லலை.

கடைசி வரிசையில் ஜன்னல் ஓரத்துச் சிஸ்டம்தான் அது. அங்கே உட்கார்ந்தீங்கன்னா மவுஸ் இடது பக்கம் இருக்கும். வலது பக்கம் எடுத்து வைச்சுக்கோங்க, தப்பில்லை. எக்ஸ்டென்ஷனை மட்டும் கழட்டிடாதீங்க.