கோர்கனுக்கு மேலே ஒரு படி

டைட்டன் ஆட்டத்தில் மனதைப் பறிகொடுத்தவர்கள் எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் ஒரே ஆசை வந்துவிடும்: இன்னும் சில மிருகங்களைச் சேர்த்தால் என்ன? இருப்பவையே 24 வகை. சிங்கம், ட்ரோல், டிராகன், பல தலை ஹைட்ரா, மலை போன்ற கொலோசஸ் என்று கற்பனைக்கு எட்டியதெல்லாம் அதில் உண்டு. அப்படியும் ஆசை அடங்குவதில்லை. நல்ல ஆட்டம் ஆடுகிறவனை ஆட மட்டும் விடாது, தன்னைத் திருத்தி எழுதவும் தூண்டும் என்பது என் எண்ணம்.

ஜேசன் மெக்அலிஸ்டரும் டேவிட் டிராம்பியரும் உருவாக்கிய இந்தப் பலகை ஆட்டம் 1980இல் அமெரிக்காவில் வெளிவந்தது. இரண்டு ஆண்டு கழித்து அவலான் ஹில் நிறுவனம் அதை எடுத்து அச்சிட்டது. 1998இல் அந்த நிறுவனம் ஹாஸ்ப்ரோவிடம் கைமாறியது. டைட்டனின் அடுத்த பதிப்பை 2008இல்தான் வேலி கேம்ஸ் கொண்டுவந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆட்டத்தின் உயிரைப் பிடித்து வைத்திருந்தவர்கள் ரசிகர்கள். கொலோசஸ் என்ற பெயரில் அதைக் கணினியில் ஆடும்படி ஜாவாவில் எழுதி, மூல நிரலை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். அதில் மிருகங்களின் பட்டியல், நிலங்கள், வரைபடம் எல்லாம் தனித்தனி எக்ஸ்எம்எல் கோப்புகளாக இருக்கின்றன. அட்டை வெட்ட வேண்டாம், அச்சகத்துக்குப் போக வேண்டாம். ஆர்வமுள்ளவர் கோப்பைத் திறந்து நான்கு வரி சேர்த்தால் புது மிருகம் பலகையில் நடமாடும். பால்ராக், பேட்லாண்ட்ஸ், அபிசல், அன்டெட் என்று ரசிகர்கள் செய்த விரிவாக்கங்கள் அதில் வரிசையாக இடம்பிடித்தன.

நானும் நண்பர்கள் சிலரும் அப்படித்தான் கோப்பைத் திறந்து உட்கார்ந்தோம். முதலில் கண்ணில் பட்டது கோர்கன்.

ஆடாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு டைட்டன் உண்டு. அது செத்தால் ஆட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியதுதான். டைட்டனையும் மற்ற மிருகங்களையும் படைகளாகப் பிரித்துக்கொண்டு, பகடை காட்டும் தூரத்துக்கு நிலம் விட்டு நிலம் நகர வேண்டும். போய் நிற்கும் நிலம் எது, படையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் புது மிருகம் ஒன்று வந்து சேரும். காட்டில் இரண்டு கார்காயில் இருந்தால் ஒரு சைக்ளோப்ஸ் வரும். மூன்று சைக்ளோப்ஸ் இருந்தால் பெஹெமோத். இரண்டு பெஹெமோத் இருந்தால் சர்ப்பம். புதர் நிலத்திலோ இரண்டு சைக்ளோப்ஸ் இருந்தாலே கோர்கன் கிடைத்துவிடும். பறக்கும், தூரத்திலிருந்தே தாக்கும். ஆனால் அதோடு சரி. எத்தனை கோர்கனைச் சேர்த்தாலும் அவற்றைக் காட்டிப் புதரில் அதற்கு மேலான மிருகம் எதையும் அழைக்க முடியாது.

இத்தனை அழகான ஒரு மிருகத்தை ஏன் முட்டுச்சந்தில் நிறுத்தினார்கள்? இரண்டு கோர்கனுக்கு மேலே ஒரு படி வைத்தோம். வலிமையும் திறனும் தாராளமாகக் கொடுத்து ஒரு புது மிருகத்தை எழுதினோம். ஆடத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எல்லாப் படைகளும் புதரை நோக்கி மொய்த்தன. காட்டுப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாவது சைக்ளோப்ஸுக்காகக் காத்திருந்து, பெஹெமோத்தைச் சேர்த்து, சர்ப்பத்தை எட்டுகிற நீண்ட பொறுமைக்கு மதிப்பே இல்லாமல் போயிற்று. மூல ஆட்டத்தில் அந்த இடத்தில் எவ்வளவு நுட்பமான தராசு தொங்குகிறது என்பது அப்போதுதான் துலங்கியது. கோர்கன் விரைவாகக் கிடைக்கும், எதிர்காலம் இல்லை. பெஹெமோத் தாமதமாகக் கிடைக்கும், பின்னால் சர்ப்பம் இருக்கிறது. இன்று வேண்டுமா நாளை வேண்டுமா என்று ஆடுகிறவனை ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்திக் கேட்பதே இந்த ஆட்டத்தின் உயிர். அந்த முட்டுச்சந்து வேண்டுமென்றே கட்டப்பட்டது.

சர்ப்பத்தைப் பாருங்கள். அதன் வலிமை 18, திறன் 2. அடிக்கும்போது 18 பகடை உருட்டலாம், சாவதற்கும் 18 அடி பட வேண்டும். எதிரே வலிமை 6, திறன் 4 கொண்ட தேவதை நிற்கிறது என்று வையுங்கள். திறன் சமமாக இருந்தால் 4 விழுந்தாலே அடி படும். இங்கே சர்ப்பத்துக்குத் திறன் இரண்டு குறைவு என்பதால் 6 விழ வேண்டும். 18 பகடையில் சராசரியாக மூன்று அடிதான் படும். தேவதை உருட்டுவது வெறும் 6 பகடை, ஆனால் 2 விழுந்தாலே போதும். சராசரியாக ஐந்து அடி. கடைசியில் பெரும்பாலும் சாவது தேவதைதான், ஆனால் சாவதற்குள் சர்ப்பத்தின் பாதி உயிரைக் குடித்துவிடும். இரண்டே எண்களை வைத்துக்கொண்டு ஒரு மிருகத்துக்குக் குணமே கொடுத்துவிட்டார்கள். முரட்டுத்தனம் ஒன்று, லாகவம் ஒன்று. விரிவாக்கம் செய்கிற ரசிகர்கள் பலர் இடறுவது இங்கேதான். இரண்டு எண்ணையும் ஏற்றிவிடுகிறார்கள். எல்லாவற்றிலும் சிறந்த மிருகத்துக்குக் குணம் என்று ஒன்று இருக்காது.

எண்ணிக்கையும் அப்படித்தான். கொலோசஸ், சர்ப்பம், ஹைட்ரா ஆகியவை மூல ஆட்டத்தில் வகைக்குப் பத்துப் பத்து வில்லைகள்தான். தீர்ந்துவிட்டால் தகுதி இருந்தாலும் கிடையாது. கணினியில் பத்தை இருபதாக்க ஒரு நொடி போதும். அந்த நொடியில் கொலோசஸ் சாதாரண மிருகமாகிவிடும்.

இன்னொன்று ஞாபகம். எதிராளியின் படை அடையாள வில்லைக்குக் கீழே மறைந்து கிடக்கும். புது மிருகத்தை அழைக்கும்போது அதற்குத் தகுதியானவர்களைக் காட்டியாக வேண்டும். பாலைவனத்தில் மூன்று சிங்கத்தைக் காட்டி ஒருவர் கிரிஃபனை எடுத்தால், அந்தப் படையில் நான்கு பேர் யார் என்று தெரிந்துவிட்டது. ஒரு படைக்கு ஏழு பேருக்கு மேல் கிடையாது. எனவே மிச்சம் மூன்று இடம்தான். அதில் டைட்டன் ஒளிந்திருக்குமா? 24 வகையும் மனதில் பதிந்துபோன பிறகு இந்த ஊகம் ஒரு தனி இன்பம். வகைகள் கூடக்கூட ஊகம் மங்கி, வெறும் சூதாட்டமாகத் தேய்கிறது. எத்தனை புது மிருகம் வந்தாலும் ஏழு என்ற எல்லையில் மட்டும் கை வைக்கக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

படம் வரைவது வேறு பாடு. டிராம்பியர் சாமானிய ஓவியர் இல்லை. 1978இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக்காரர் கையேட்டின் அட்டை அவர் வரைந்தது. டிராகன் இதழில் அவருடைய சித்திரத் தொடர் 1988இல் பாதியில் நின்றது. துறையை விட்டே விலகிப்போனார். பல ஆண்டுகளுக்குப் பின் இல்லினாய் மாநிலத்தின் கார்பண்டேல் நகரில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருப்பது தெரியவந்தது. 2014இல் அங்கேயே காலமானார். அவர் வரைந்த மிருகங்களுக்குப் பக்கத்தில் நம்முடையதை வைக்கும்போது கை கூசத்தான் செய்கிறது. கூசட்டும். அவர் விட்ட இடத்தில் முகம் தெரியாத யாரோ கோடு இழுத்துப் பார்ப்பதைவிட ஓர் ஓவியருக்கு வேறென்ன மரியாதை வேண்டும்?

எங்கள் புது மிருகத்தைப் பிறகு மாற்றி எழுதினோம். இரண்டு கோர்கன் போதாது, மூன்று வேண்டும் என்று வைத்தோம். திறனை 2ஆக இறக்கினோம். பறக்கும் சக்தியை எடுத்துவிட்டோம். எண்ணிக்கை பத்தே பத்து. இப்போது காட்டுக்கும் ஆள் போகிறது, புதருக்கும் போகிறது. மூன்றாவது கோர்கனுக்குக் காத்திருக்கலாமா கூடாதா என்று படையைப் பிரிக்கும்போது எல்லாரும் தயங்குகிறார்கள். பத்தை எட்டாகக் குறைக்க வேண்டும் என்று ஒரு நண்பர் வாதிடுகிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அடுத்த ஆட்டத்தில் எட்டு வைத்து ஆடப் போகிறோம்.