குட்டைக்கு உறை மோர்

என் தம்பிக்கு உடுமலைப்பேட்டை பக்கத்தில் சிறு தோட்டம். அதில் பண்ணைக் குட்டை வெட்டிக் கட்லா, ரோகு குஞ்சுகள் விட்டான். "அமராவதி அணை மீனே கிடைக்கிறது, குட்டை எதற்கடா?" என்றாள் அம்மா. கேட்டால்தானே! என் வளையல்கள் இரண்டும் அடகுக் கடைக்குப் போயின, இவருக்குத் தெரியாமல். திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்கு எழுதுகிறவர் கண்ணில் வளையல் கணக்கு படாமலிருக்க நான் பட்ட பாடு!

ஐப்பசி மழைக்குப் பின் மீன்கள் சிவப்புப் புண்ணோடு, வயிறு உப்பி, செதில் சிலிர்த்து மிதந்தன. 'ஏரோமோனாஸ்' என்ற கிருமியாம். எப்போதும் தண்ணீரில் இருப்பதுதான். தண்ணீர் கெட்டு மீன் தளரும் சமயம் பார்த்துத் தாக்கும். தம்பி யார் பேச்சையோ கேட்டு ஆன்டிபயாடிக் மருந்தைத் தீவனத்தில் கலந்தான். அப்படியும் பாதி மீன் போயிற்று. அம்மருந்து நல்ல கிருமியையும் சேர்த்துக் கொல்லும். தப்பிய கெட்டது மருந்துக்கு அசராமல் பெருகும்; நாளை நம் பிள்ளைகளின் நோய்க்கே அது கைகொடுக்காமல் போகலாம்.

"அக்கா, உங்க வளையல்..." என்று போனில் இழுத்தான். தைரியம் சொன்னேன். அன்றிரவு தூக்கம் எங்கே வந்தது?

மறுவருஷம் விசாரித்து, 'புரோபயாடிக்' என்றொரு பொடி வாங்கி வந்தான். உயிருள்ள நல்ல கிருமிகள். "இது உறை மோர்தானே!" என்று சிரித்தேன். ஏறக்குறைய அதேதான். அதிலுள்ள லாக்டோபாசில்லஸ், தயிர்க் கிருமிக்கு உறவு. கூட இருக்கும் பாசில்லஸ் மண்ணில் வாழ்வது. இவை மீன் குடலில் முந்தி இடம் பிடித்து, கெட்டதற்கு ஆகாதவற்றைச் சுரக்கும். பந்தியில் முதலில் உட்கார்ந்தவரை யார் எழுப்புவது? குட்டையில் தூவினால் மிச்சத் தீவனத்தையும் கழிவையும் தின்னும். தயிர்க் கிருமியின் பெருமையை ரஷ்ய விஞ்ஞானி மெச்னிக்காஃப் 1907-லேயே எழுதினார். நம் பாட்டிகளைக் கேட்டிருந்தால் இன்னும் முன்பே எழுதியிருப்பார்!

தம்பி பொடியைச் சூடான கஞ்சியில் கரைத்துத் தீவனத்தில் பிசையப் போனான். "ஏண்டா, கொதிக்கிற பாலில் உறை ஊற்றுவார்களா?" என்று கத்தினேன். ஆறவிட்டுக் கலந்தான். குட்டையில் தூவுவது காலையில்தான். இவற்றில் பாசில்லஸுக்குப் பிராணவாயு வேண்டும், இரவில் தண்ணீரில் அது குறைவு.

பொடி வருமுன் காக்கத்தான். வந்த நோயை விரட்டாது. அவன் குஞ்சுகளையும் குறைத்தே விட்டிருந்தான். புகழ் முழுவதும் பொடிக்கே என்று சொல்லமாட்டேன். அந்த ஐப்பசியிலும் சில மீன்கள் செத்தன. மற்றவை பிழைத்து, தையில் விலைக்குப் போயின.

ஒரு வளையல் மீண்டு வந்தது. மாட்டிக்கொண்டு காபி கொடுத்தேன். இவர் டம்ளரை வாங்காமல் என் கையையே பார்த்தார்.

"இன்னொன்று எங்கே?"